கென்யாவுக்குப் போகாத குரல்

"நீ போ" என்று ஸ்டீவன் சொன்னது பிரின்சிக்குப் பிடிக்கவில்லை.

போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கண் கலங்கிச் சொல்லியிருந்தால் அவளும் கொஞ்சம் அழுதிருக்கலாம். அவன் தோசையைக் குருமாவில் தோய்த்து வாயில் வைத்துக்கொண்டே சொன்னான். மெல்வதைக்கூட நிறுத்தவில்லை.

"இன்னாங்க, நான் சொன்னது காதுல வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சு. கென்யா. வேர்ல்ட் ராலி சாம்பியன்ஷிப். போய்ட்டு வா."

"அதே தேதிலதான் நம்ம தென்மண்டலக் கடைசி ரவுண்டு."

"தெரியும்."

"நீங்கதான் முன்னால இருக்கீங்க. வெறும் ரெண்டு பாயின்ட்டு."

"வேற யாரயாச்சும் பக்கத்துல ஒக்கார வெச்சிக்கினு ஓட்டிக்கிறேன். இன்னொரு தோசை வை."

பிரின்சி வைத்தாள். எட்டு வருடமாக அந்தக் காரில் அவன் பக்கத்தில் உட்காருகிறவள் அவள்தான். ராலி என்கிற கார்ப் பந்தயத்தில் ஓட்டுகிறவன் கண்ணுக்கு இந்த வளைவுதான் தெரியும். அடுத்த வளைவு என்னவென்று பக்கத்தில் இருப்பவர் நோட்டைப் பார்த்து வாசிக்க வேண்டும். வலது மூணு, நூறு மீட்டர், இடது ஒண்ணு, பள்ளம். ஒன்று என்றால் வண்டியையே மடக்கும் திருப்பம். ஆறு என்றால் லேசாகத் தொட்டால் போதும். என்ஜின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. இருவர் ஹெல்மெட்டிலும் உள்ள மைக்கும் ஸ்பீக்கரும்தான் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் போகும் ஒரே வழி.

மற்ற நாட்களில் அவள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பைப் கம்பெனியின் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தாள். அடுத்து உள்ளே வர வேண்டிய லாரியின் நம்பரை மைக்கில் அழைப்பது அவள் வேலை. அவள் குரல் கேட்டால் டிரைவர்கள் பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வருவார்கள். ஸ்டீவன் இரண்டு தெரு தள்ளி, லாரி கட்டும் இடத்தில் வண்டிகளை ஓட்டிப் பார்த்துச் சரி சொல்கிறவன்.

காருக்குள் பொருத்தியிருந்த கேமராவில் பதிவான ஒரு வீடியோவை யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் நைரோபியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எழுதியவள் ஒரு பெண் டிரைவர். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் நேவிகேட்டருக்குக் கை முறிந்துவிட்டதாம். "உங்கள் குரலில் அவசரமே இல்லை. அது என் காதில் இருந்தால் எனக்குப் பயம் வராது" என்று எழுதியிருந்தாள். ஞாயிறு மாலை ஐந்துக்குள் பதில் வேண்டும்.

பிரின்சி அந்த இரண்டு வரிகளைப் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு முறை படித்தாள். அவளுடைய சமையலை, புடவையை, பொறுமையைப் பாராட்டியவர்கள் உண்டு. குரலை யாரும் சொன்னதில்லை. ஸ்டீவன்கூட.

ஆனால் ஸ்டீவன் "ம்" சொல்வான். வளைவுக்கு வளைவு அவள் வாசித்து முடித்து நோட்டின் மேல் விரலை நகர்த்தியதும் அவள் காதில் ஒரு "ம்" வரும். வீட்டிலும் அவன் "ம்" சொல்கிறவன்தான். அது டிவி பார்க்கிற "ம்". காரில் வருவது வேறு என்று அவள் நம்பினாள்.

எல்லா வருடமும் அப்படி இல்லை. முதல் ஆறு வருடம் ஒரு கப்பும் கிடையாது, காருக்குள் சண்டைதான். "லேட்டா சொல்ற", "சீக்கிரமா சொல்ற", "மூச்சு வாங்காம சொல்லு". இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ரவுண்டில் திடீரென்று எல்லாம் கூடி வந்தது. முதல் கப். வண்டியிலிருந்து இறங்கிய ஸ்டீவன் மெக்கானிக் வரதனைத் தனியே அழைத்து, "எதையும் தொடாத. இப்டியே இருக்கட்டும்" என்றான். அதிலிருந்து சண்டை நின்றது. கப் வரத் தொடங்கியது.

போன வருடம் ஒரு முறை நோட்டில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு, அவள் "இடது ரெண்டு" என்று தப்பாக வாசித்துவிட்டாள். ஸ்டீவன் "ம்" என்று சொல்லி வலது பக்கம் சரியாகத் திருப்பினான். அன்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வாய் சொல்வதைத் தாண்டி மனதில் இருப்பதைக் கேட்கிறான் என்று நினைத்தாள். கல்யாணம் என்பது இதுதான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தாள்.

அப்படிப்பட்டவன் இன்னொரு ஆளோடு எப்படி ஓட்டுவான்? தியாகம் செய்கிறான். அதனால்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் தோசையைப் பார்த்தான்.

அவனைத் தவிக்க விட்டுப் போகக் கூடாது. நல்ல ஆளாகப் பார்த்துப் பழக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

*

முதல் ஆள் ஏஞ்சல், ஸ்டீவனின் தங்கை. திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் சென்னைக்குப் போய், ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவள். வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தாள்.

பிரின்சி காலையிலேயே கார் நிற்கும் கவரைப்பேட்டை ஷெட்டுக்குப் போய் வரதனிடம் சொன்னாள். வரதனுக்கு முப்பது வயது, இரண்டு குழந்தைகள். எதற்கும் பதற மாட்டான்.

"வரதா, புது ஆளு ஒக்காரப் போவுது. பெல்ட்டு, மைக்கு, ஹெல்மெட்டு, எல்லாத்தையும் ஒரு தபா சரியா வெச்சிடு."

வரதன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "எல்லாத்தையுமாக்கா?"

"ஆமா. ஒண்ணு வுடாம."

"அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

"அவர்கிட்ட இன்னா கேக்கறது? நான்தான் சொல்றேன்ல?"

வரதன் தலையைச் சொறிந்தான். "சரிக்கா. நீங்களே சொல்றீங்க."

சிப்காட்டுக்குப் பின்னால் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு நகர் உண்டு. பெரிய வாசல் வளைவு, 'சிறுவர் பூங்கா' என்ற பலகை, செம்மண் சாலைகள் எல்லாம் உண்டு. வீடு மட்டும் ஒன்றும் இல்லை. ஸ்டீவன் பழகுவது அங்கேதான். அந்தச் சாலைகள் அவனுக்கு அத்துப்படி.

வண்டி கிளம்பியது. முதல் வளைவு வருவதற்குள் பாம்பைக் கண்ட மாடு மாதிரி ஒரு துள்ளு துள்ளி, பக்கவாட்டில் திரும்பி, வரிசையாக ஐந்து மனைக்கற்களைச் சாய்த்துவிட்டு நின்றது.

ஏஞ்சல் இறங்கினாள். "அண்ணி, நான் கரெக்டாதான் படிச்சேன். 'வலது மூணு'ன்னேன். அண்ணனுக்குத் தூக்கி வாரிப் போட்டுது. ரோட்ட வுட்டுட்டு என்னியப் பாக்குது! டேய் அண்ணா, என் மூஞ்சிலயாடா வளைவு இருக்குது?"

ஸ்டீவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் முதலில் பார்த்தது வரதனைத்தான். வரதன் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

"பிரின்சி" என்றான் ஸ்டீவன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குப் புரியுது."

"இல்ல, உனக்கு..."

"புரியுதுன்றேன்ல."

அவளுக்கு உள்ளே இனித்தது. பம்பர் தொங்குகிறது, ஐந்து கல் சாய்ந்து கிடக்கிறது, நாத்தனார் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள். இனிக்கக் கூடாது. ஆனால் இனித்தது. இன்னொரு குரலை அந்தக் காது ஏற்க மறுக்கிறது. அந்த இனிப்பை நினைத்து அன்று முழுவதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

*

பெண் குரல் என்பதால்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறான் என்று அவள் முடிவு செய்தாள். தன்னோடது மாதிரி துளியும் இல்லாத குரல் வேண்டும். ஸ்டீவனுடைய ஷிப்ட் சூப்பர்வைசர் சந்திரமோகன் தினமும் காலையில் நூற்றைம்பது பேருக்குப் பாதுகாப்பு உறுதிமொழி வாசிக்கிறவர். அவரைக் கேட்டாள். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஹெல்மெட் நம்முளுதே போடலாமா, மஞ்சள்?" என்றார்.

சனிக்கிழமை காலை. பம்பரைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தான் வரதன்.

"அக்கா, இந்த தபாவும் எல்லாம் அப்டியே இருக்கட்டுமா?"

"இன்னா கேள்வி இது? இன்னும் சத்தமா கேக்கற மாதிரி வெய். சார் மைக்கத் தொலைவுல வெச்சிப் பேசற ஆளு."

ஸ்டீவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிரின்சி அவன் தாடைப் பட்டையை இழுத்து மாட்டினாள். "தைரியமா ஓட்டுங்க" என்றாள்.

மைக் வாய்க்கு நேரே இருந்தும் சந்திரமோகனுக்கு மெதுவாகப் பேச வரவில்லை. "தோழர்களே, கவனிக்கவும்! வலதுபுறம் மூன்று வருகிறது!" என்று அவர் முழங்கியது, மூடிய கண்ணாடியைத் தாண்டி வெளியே நின்றவர்களுக்கே கேட்டது. வண்டி வலது பக்கமும் போகவில்லை, இடது பக்கமும் போகவில்லை. நேராகப் போய், பூங்காவுக்காக மண் எடுத்த பள்ளத்தில், மழைத் தண்ணீருக்குள் கதவு வரை இறங்கியது.

முதலில் ஒரு கை வெளியே வந்தது. கையில் நோட்டு. "நோட்டு நனையலம்மா!" என்றார் சந்திரமோகன். பிறகு மெதுவாக, "ஆறு வருஷமா நம்ம ஷிப்ட்டுல ஒரு விபத்து கெடயாது. இது அதுல சேராதுல்ல?" என்றார்.

ஸ்டீவன் தோளில் ஆகாயத்தாமரையோடு கரையேறினான். அவன் இவ்வளவு கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை.

"காதுக்குள்ள ஒருத்தர் பேசிக்கினே இருந்தா மனுசன் எப்டிமா ஓட்றது?"

வேறு ஒருத்தர், என்று பிரின்சி மனதுக்குள் திருத்திக்கொண்டாள்.

*

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள் துணி எடுக்காமல் நின்றாள். கூட்ஸ் வண்டி ஒன்று கூடூர் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. ஐந்து நாளாக அவள் யாருக்கும் தெரியாமல் பாத்திரம் கழுவும்போது இங்கிலீஷில் வாசித்துப் பழகியிருந்தாள். ரைட் த்ரீ. லெஃப்ட் ஒன். டோன்ட் கட், அதாவது வளைவைக் குறுக்கே வெட்டாதே. குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கென்யாவின் சாலைகளை வீடியோவில் பார்த்திருந்தாள். இங்கே மாதிரியே செம்மண், ஆனால் முடிவே இல்லாதது. அங்கே பயப்படாமல் ஓட்டுவதற்காக ஒருத்தி இவள் குரலைக் கேட்டுக் காத்திருக்கிறாள்.

இங்கே ஒருவன் இவள் குரல் இல்லாமல் குளத்தில் விழுகிறான்.

உலகத்துக்கு வேறு யாராவது கிடைப்பார்கள் என்று நினைத்தாள். கையில் துணி கிளிப்போடு, செல்லில் நான்கு வரி எழுதினாள். மன்னிக்கவும். என் கணவருக்கு நான் வேண்டும். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை படித்தால் அனுப்ப மாட்டோம் என்று தெரிந்ததும் அனுப்பினாள்.

கீழே வந்தபோது ஸ்டீவன் நாற்காலியில் உட்கார்ந்து காதுக்குள் போன தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"வேணாம்னு எழுதிட்டேங்க."

தட்டிய கை நின்றது. "இன்னாது?"

"கென்யா வேணாம். நம்ம ரவுண்டுக்கு நானே வரேன்."

"ஏன் எழுதுன? நான்தான் போன்னு சொன்னேனே!"

"நீங்க சொன்னீங்க. வண்டி வேற மாதிரி சொல்லுச்சு."

ஸ்டீவன் எழுந்தான். "பிரின்சி, அந்த வண்டில..."

"வுடுங்க. நான் கேட்டனா? எட்டு வருசமா கூட ஒக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவன் மறுபடியும் உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. குளத்துத் தண்ணீர் இல்லை. அவளுக்காக அவன் அழுது அவள் பார்த்ததில்லை. கென்யா போனால் போகட்டும் என்று முதல்முறையாக, கிட்டத்தட்ட முழு மனதோடு நினைத்தாள்.

"திருப்பி எழுது" என்றான் அவன் தரையைப் பார்த்து. "நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குதில்ல? வரேன்னு எழுது."

செல் ஒரு முறை அதிர்ந்தது. நைரோபி. புரிகிறது, வருத்தம்தான், வரிசையில் அடுத்து இருந்தவரிடம் பேசிவிட்டோம், அவர் ஒப்புக்கொண்டார், உங்கள் கணவர் கொடுத்து வைத்தவர் என்று எழுதியிருந்தது.

கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் ஸ்டீவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

"ம்" என்றான் அவன்.

*

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக ஷெட்டுக்குப் போனாள். ஸ்டீவன் பழைய பம்பர் ஒன்று பார்க்கச் செவ்வாப்பேட்டைக்குப் போயிருந்தான். கார் கதவுகள் திறந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பிரின்சி தன் ஹெல்மெட்டைத் தன் சீட்டில் வைத்தாள். எட்டு வருடமாக வைக்கிற இடம். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அந்த ஐந்து மணி இனி அவளுடையது இல்லை.

"வரதா" என்றாள். "புது ஆளு யாரும் வேணாம். எப்பவும் போல நானே வரேன்."

ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுப் படுத்திருந்த வரதன் எட்டிப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தான்.

"நல்லதாப் போச்சுக்கா, புது ஆளுங்களுக்காக மாட்னேனே, அண்ணன் ஹெல்மெட்டு ஸ்பீக்கருக்குப் போற ஒயரு, அதப் பழையபடி கழட்டி வுட்டுடறேன்; ரெண்டு வருசமா அது இல்லாமதான கப்பு கப்பா அடிக்கிறாரு."