ஷிப்மெண்ட்டுல போன கவுன்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை சின்னதுதான். காலையில ப்ளஸ் ஒன் கணக்குப் பரீட்சை எழுதணும். அப்படியே அப்பாவோட பனியன் கம்பெனிக்குப் போய், இஸ்திரி போட்ட கவுனை வாங்கிட்டு கோயமுத்தூர் பஸ் ஏறணும். சாயங்காலம் அங்க பியானோ போட்டி.

குன்னூர்ல ஒரு பழைய பங்களா சாமானை வித்தப்ப, நான் அடம்பிடிச்சு அப்பா வாங்கிட்டு வந்த பியானோ. அவருக்கு அதுவும் ஒரு மிஷின்தான். ஒருநாள் நான் வாசிக்கலைன்னாலும், "மிஷின் ஏன் கண்ணு சும்மா நிக்குது?"ம்பார்.

அம்மா அப்படியில்ல. எனக்குக் கணக்குல மார்க் இறங்கினதுல இருந்து பியானோவை முறைச்சுட்டே இருந்தாங்க. "இந்த வாட்டி பரிசு வரலீன்னா அந்தப் பொட்டிய வித்துப்போடோணும்"னு தீர்ப்பும் சொல்லியாச்சு. சொன்னா செய்யற ஆள்.

கவுன் வெள்ளை. மெத்துன்னு பருத்தித் துணி, கழுத்துல லேஸ், கணுக்கால் வரைக்கும் நீளம். நீளமான கவுன்தான் போடணும்னு போட்டியில விதி. வீட்டு இஸ்திரிப் பெட்டியில கருக்கிடுவேனோன்னு பயந்து, முந்தின நாளே கம்பெனி இஸ்திரி மேஜையில வெச்சுட்டு வந்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கிட்டேன்.

மறுநாள் ஜெர்மனிக்கு ஷிப்மெண்ட்ங்கறதை மறந்துட்டேன். ஷிப்மெண்ட் வந்துட்டா கம்பெனியில யாரும் யோசிக்க மாட்டாங்க. மேஜைக்கு வந்ததை இஸ்திரி போடு, மடி, கவர்ல போடு, அட்டைப்பெட்டியில அடுக்கு. அவ்வளவுதான்.

பரீட்சை முடிச்சு ஓடினேன். மேஜை காலி.

"அண்ணா, என் கவுன் எங்க?"

இஸ்திரி அண்ணன் பேக்கிங் அக்காவைப் பார்த்தார்.

"அது கவுனுங்களா பாப்பா?"ன்னாங்க அக்கா. "நைட்டி ஆர்டரோட சேந்ததுன்னு பெட்டியில வெச்சுட்டேனுங்க."

"நைட்டியா? கழுத்துல லேஸ் இருந்துச்சே?"

"ஆமாங்க, என்னமோ பிசிறாட்டம் தொங்குச்சு. அதைச் சுத்தமா வெட்டிப்போட்டுத்தான் அனுப்புனேன்."

பெட்டியெல்லாம் ஏத்திட்டு தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்பின லாரி அதுக்குள்ள தாராபுரம் தாண்டியிருக்கும்.

நான் அங்கயே உக்காந்து அழுதேன். சத்தம் கேட்டு அப்பா வந்தார்.

"பனியன் கம்பெனிக்காரன் புள்ள போடத் துணியில்லீன்னு அழுதா ஊரே சிரிக்கும். எந்திரி கண்ணு."

ஆர்டர்ல மீந்த நைட்டி ஒண்ணை எடுத்து நீட்டினார். வெள்ளைதான், நீளந்தான். ஆனா ஜெர்மனிக்காரங்க அளவு. எனக்குள்ள இன்னொருத்தி தாராளமா நிக்கலாம். நெஞ்சுல குல்லா போட்டுத் தூங்கற கரடி.

"கரடி இருக்குங்கப்பா."

"முன்ன பின்ன மாத்திப் போட்டுக்க. முதுகை ஆரு பாக்கறாங்க?"

டெய்லர் அண்ணன் இடுப்பைச் சுருக்கித் தைச்சார், என்னை உள்ள வெச்சே. தொங்கின கையை ரப்பர் பேண்ட் போட்டு ஏத்திவிட்டாங்க.

மண்டபத்துல எல்லாரும் சாட்டின்ல மின்னிட்டு இருந்தாங்க. என் பேரைக் கூப்பிட்டதும், சனங்களுக்கு முதுகு தெரியாம நண்டு மாதிரி நடந்துபோய் உக்காந்தேன். உக்காந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வாசிக்கறவங்க விரல் தெரியணும்னு நடுவர் மேஜையை எனக்குப் பின்னாடி போட்டிருந்தாங்க.

நடுவரும் கரடியும் நேருக்கு நேர்.

ஓடிடலாமான்னு தோணுச்சு. ஓடினா பியானோ போயிடும். வாசிக்க ஆரம்பிச்சேன்.

நான் பழகிட்டுப் போனது மெதுவான ஒரு தாலாட்டு. பாதியில ஒரு ரப்பர் பேண்ட் தெறிச்சுது. நைட்டிக் கை இறங்கி என் விரலை மூடிக்கிச்சு. கட்டை தெரியலை, விரல் தெரியலை, ஆனா வாசிப்பு மட்டும் போய்ட்டே இருந்துச்சு. எனக்கு பயம் போய்ச் சிரிப்பு வந்துடுச்சு. அவ்வளவு சந்தோஷமா அதுக்கு முன்னாடி நான் வாசிச்சதே இல்ல.

முடிஞ்சதும் கண்ணாடி போட்ட நடுவர் அம்மா மைக்கைப் பிடிச்சாங்க. "தாலாட்டு வாசிக்கறதுக்கு நைட்டி போட்டு, தூங்கற கரடியையும் கூட்டிட்டு வந்த பொண்ணை இன்னைக்குத்தான் பார்க்கறேன். அந்தக் கற்பனைக்குத் தனியா மார்க் போட்டிருக்கேன்."

நான் எதையும் மறுக்கலை. ரெண்டாம் பரிசு கொடுத்தாங்க.

அம்மா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "மொதப் பரிசு ஆருக்கு?"ன்னு மட்டும் கேட்டாங்க. அடுத்த வாரம் கணக்குப் பேப்பர் வந்துச்சு. அதுல கற்பனைக்கெல்லாம் மார்க் போடலை. அம்மா பியானோவை வாங்க ஆள் தேட ஆரம்பிச்சுட்டாங்க.

நான் நம்பிக்கையை விட்டிருந்த நேரத்துல ஜெர்மனியில இருந்து அப்பாவுக்கு ஃபேக்ஸ் வந்தது. பெட்டியில ஒரு நைட்டி மட்டும் புது மாதிரியா இருக்கு, எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, இதே மாதிரி நிறைய தைச்சு அனுப்ப முடியுமா?

அப்பா அதைச் சாப்பாட்டு மேஜையில வெச்சுப் படிச்சுக் காட்டினார். அம்மாகிட்ட, "அந்த மிஷினை விக்கற பேச்சே இனி வேண்டாம்"னார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அடுத்த போட்டி எப்பக் கண்ணு? இன்னொரு மாடல் கேக்கறாங்க."