எண்ணெய் முள்ளுக்கு வைத்த பொட்டு

மதுரையில் கார் ஓட்டியவர்களிலேயே என் வயிற்றெரிச்சலை அதிகம் கொட்டிக்கொண்டவர் பொட்டு டிரைவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் ஆரப்பாளையத்தில் ஒரு பிளஷர் காரை வாடகைக்கு ஓட்டினார். சொந்தப் பெயர் அவருக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ!

ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். இந்த மகானுபாவர், எஞ்சினுக்குள் எண்ணெய் ஓடுகிறதா என்று முள் காட்டும் வட்டக் கண்ணாடியின் மேலேயே அப்புவார். அடுத்த பூஜை வரை துடைக்கவும் மாட்டார், துடைக்க விடவும் மாட்டார்.

“முள்ளு தெரியலையேண்ணே?” என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு.

“வச்ச பொட்டை அழிக்கச் சொல்றீகளா? எம் வண்டி சுமங்கலியா இருக்கிறது பொறுக்கலையா?”

இவர் வண்டியைத்தான் என் கல்யாணத்துக்குப் பேசித் தொலைத்தார் என் அப்பா. பெண் வீடு உசிலம்பட்டியில். பெண்ணின் தாய்மாமன் நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிட்டார்: “முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வரலேன்னா எம் மகன் மணையில உக்காருவான். உரிமைக்காரன்!” அந்த மகன் அப்போதே வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

நாகமலை தாண்டியதும் எஞ்சின் கடகடவென்றது.

“என்னண்ணே சத்தம்?”

“மேளச் சத்தம் மாப்ள. வண்டிக்கும் கல்யாணக் களை வந்திருச்சுல்ல!”

செக்கானூரணிக்கு முன்னால் புகை கிளம்பியது. தீய்ந்த நாற்றம். எஞ்சின் ஒரு முக்கு முக்கி, அப்படியே இறுகி நின்றுவிட்டது. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பட்டு அங்கவஸ்திரத்தால் அந்தக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தேன். முள் பூஜ்யத்தில் செத்துக் கிடந்தது.

“அடப்பாவி! இந்த முள்ளு விழுந்தா உடனே நிறுத்தணும்யா! எண்ணெய் ஊத்தியிருந்தா முடிஞ்சிருக்கும். இப்ப எஞ்சினே போச்சே!”

அவர் என் துணியில் ஒட்டிய குங்குமத்தைப் பார்த்தார். “நல்ல நாளும் அதுவுமா அழிச்சிட்டீகளே மாப்ள!”

அவர் கழுத்தைப் பிடிக்கப் போன என்னை அப்பா இழுத்துப் பிடித்தார். அதற்குள் அந்த ஆள் எதிரே வந்த பால்காரர் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு பறந்துவிட்டான். ஆமாம், ‘டான்’தான். மரியாதை எல்லாம் எஞ்சினோடு போயிற்று.

கிடைத்த மாட்டு வண்டியில் ஏறி, வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். பந்தலில் ஒரே கூச்சல். மணையில் உட்கார்ந்திருந்தது தாய்மாமன் மகன் இல்லை. எண்ணெய்க் கறைச் சட்டையோடு பொட்டு டிரைவர்! ஆளாளுக்கு இழுக்க, பந்தக்காலைக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்.

“எங்க மாப்ள வாராரு! அதுவரைக்கும் ஒரு பய இதுல உக்கார முடியாது!”

“எந்திரிடா!” என்று தாய்மாமன் பாய்ந்தார்.

அவன் என்னைப் பார்த்துவிட்டான். அவனுக்குத்தான் கோபம். “எம்புட்டு நேரம் மாப்ள! வாங்க, பந்தக்காலைப் பிடிச்சுப் பிடிச்சுக் கை விட்டுப் போச்சு!”

அவன் எழுந்த சூட்டோடு நான் உட்கார்ந்தேன். தாலி கட்டினேன்.

இப்போது எனக்கும் ஒரு கார் இருக்கிறது. ஆயுத பூஜையன்று அந்தக் கண்ணாடிக்கு நானே பொட்டு வைக்கிறேன், முள் தெரிகிற மாதிரி ஓரமாக. அந்தப் பாவி உயிரோடு இருந்தால் வந்து நடுவில் அப்பியிருப்பான். நானும் துடைத்திருக்க மாட்டேன்.