மூன்று மடங்குக்கு மேல் இழுக்கக் கூடாது

உலகில் ரப்பரின் மனசைப் புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஆய்வு நிலையத்தின் இயக்குநர். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதும் பாக்கியம் அடியேனுக்கு வாய்த்தது.

எவ்வளவு இழுத்தால் ரப்பர் எவ்வளவு விசையோடு திருப்பி இழுக்கும் என்று சொல்லும் ‘மாதிரி’ ஒன்றை அவர் உருவாக்கினார். காகிதத்தில் அது ஒரு கோடு. உயரத்தில் தொங்கிக்கொண்டு சுவருக்கு வண்ணம் பூசுகிறவர்கள் இடுப்பில் கட்டும் ரப்பர் பட்டைக்கு, அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் கொக்கி தேர்ந்தெடுத்தார்கள்.

குறுக்கே வந்தவர் சோதனைக்கூடத்தில் இழுவை இயந்திரத்தை இயக்கும், நிலையத்தில் எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிடும் அக்கா.

“சார், நாலு மடங்கு இழுத்தா உள்ள இருக்கிற இழையெல்லாம் வரிசையா நின்னு படிகமாயிடுது. ரப்பர் விறைச்சுக்குது. உங்க கோடு சொல்றதைவிட ரெண்டு பங்கு பலமா இழுக்குது. கொக்கி தாங்காது.”

“அது ரப்பரோட திமிரும்மா. மாதிரியில திமிருக்கு இடமில்ல.”

“திமிரோ என்னமோ, அந்தப் பட்டையில தொங்கப் போறது என் தம்பி சார்.”

இயக்குநரின் பணி நீட்டிப்பு அப்போது மேலிடத்தின் பரிசீலனையில் இருந்தது. அந்த நேரத்தில் ரப்பரின் நீட்டிப்பு தகராறு செய்யலாமா? இயக்குநரும் நானும் உட்பட ஐந்து பேர் கொண்ட குழு கூடியது. இரண்டு தடவை தேநீர் குடித்தது. சோதனையில் ரப்பரை மூன்று மடங்குக்கு மேல் இழுக்கக் கூடாது என்று தீர்மானித்தது. அன்று முதல் மாதிரியும் சோதனையும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போயின! அக்காவின் அறிக்கையில் ‘விறைக்கிறது’ என்றிருந்ததை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று திருத்தியவன் நான். என்ன நாகரிகமான சொல்!

இரண்டே மாதத்தில், மூன்றாவது மாடி உயரத்தில் தம்பிக்குக் கால் வழுக்கியது. பட்டை நீண்டது, விறைத்தது, கொக்கி பிய்ந்தது. உயிர் தப்பியது. இனி நடக்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

விசாரணையில் இயக்குநர் பொறுமையாகவே கேட்டார்.

“பட்டை மேலேயே அச்சடிச்சிருக்கோமேம்மா, மூணு மடங்குக்கு மேல நீட்டாதேன்னு. உங்க தம்பி அதோட நின்னிருக்கலாமே?”

“விழுந்துக்கிட்டு இருந்தான் சார். எங்க நிக்கிறது?”

அதை ‘உணர்ச்சிவசப்பட்ட கருத்து’ என்று பதிவு செய்தேன். பிறகு, விதியை மீறி விழுந்ததற்கு விளக்கம் கேட்டு மருத்துவமனைக் கட்டிலுக்கே ஒரு கடிதம் அனுப்பினோம். வாசகம் முழுக்க என்னுடையது. தேடினாலும் அதில் ஒரு எழுத்துப் பிழை கிடைக்காது. அடியில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரும்தான் பிழை. ஐந்தாவது கையெழுத்து என்னுடையது.