குடும்பத்தோடு புல் வெட்டுதல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு டென்மார்க்கின் வீட்டு முற்றத்துப் புல்லைக் கண்டுபிடித்தது. மாட்டுக்கும் கொடுக்காமல், ஆட்டுக்கும் கொடுக்காமல், உரம் போட்டு வளர்த்து, வளர்ந்த குற்றத்துக்காக வெட்டி, வெட்டிய கவலையில் மறுபடியும் உரம் போடுகிற இந்த உன்னதக் கலைக்கு ஈடாக இன்னொன்று இன்னும் தோன்றவில்லை. ஹேர்னிங் நகரத்துத் துணித் தொழிற்சாலையில் வேலை செய்த தவராஜா அந்தக் கலைக்குத் தன்னை அர்ப்பணித்தது 1988ஆம் ஆண்டு வசந்த காலத்தில்.

அர்ப்பணிப்புக்குக் காரணம் புல் அல்ல. அவருடைய மனைவி தங்கமலர்.

தவராஜாவுக்கு அகதி அந்தஸ்து கிடைத்திருந்தது. அந்தஸ்து கிடைத்தவர் மனைவி பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம் என்று டென்மார்க்கின் சட்டம் தெளிவாகச் சொன்னது. சட்டத்தை நம்பி அவர் விண்ணப்பம் போட்டார். அவரை நம்பித் தங்கமலர் கைக்குழந்தை சுஜீதாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறைக்கு வந்து சேர்ந்தாள். விண்ணப்பமோ கோபன்ஹேகனில் ஒரு காரியாலயத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களை எழுப்ப வேண்டாம் என்று மேலிடத்தில் வாய்வார்த்தையாக உத்தரவாகியிருந்தது பிற்காலத்தில்தான் ஊருக்குத் தெரியவந்தது. அன்று தொலைபேசியில் கேட்டால் கிடைத்த பதில் ஒன்றே ஒன்று: “பரிசீலனையில் உள்ளது.” ‘பரிசீலனை’ ஆழமான சொல். கிணறு மாதிரி. எட்டிப் பார்த்தால் உள்ளே நம்முடைய முகம்தான் தெரியும்.

இந்த நிலையில்தான் மகேந்திரராசா ஆலோசனை வழங்கினார். அதே மாடிக் கட்டிடத்தில், ஒரு தட்டு கீழே, மனைவி விமலராணியோடும் மகன் துவாரகனோடும் குடியிருந்தவர். கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. மற்ற எல்லாத் துறைகளிலும் நிபுணர்.

“மச்சான், நீ தொழிலாளி. அதுதான் உன்ர பைல் அடியிலை கிடக்குது. முதலாளியின்ர பைல் எண்டால் தானா மேலை வரும். ஒரு பிஸ்னஸ் துவங்கு.”

“என்ன பிஸ்னஸ்?”

“புல்லு.”

பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. ‘பச்சைக் கை’ என்று பொருள்படும் பெயருடைய நிறுவனம் ஒன்று, புல் பராமரிப்பில் ‘பிரான்சைஸ்’ வழங்குகிறதாம். அந்தச் சொல் அப்போதுதான் டென்மார்க்கில் வந்து இறங்கியிருந்தது. தவராஜாவைப் போலல்லாமல், இறங்கியவுடனேயே அதற்கு எல்லாக் கதவுகளும் திறந்தன.

ஹோட்டல் மண்டபத்தில் விளக்கக் கூட்டம். பணிப்பாளர் பென்ற் பச்சைக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து, விளக்கை அணைத்து, திரையில் புல்லின் படங்களைக் காட்டினார். நோயுற்ற புல். பாசி பிடித்த புல். கவனிப்பாரற்ற புல். மண்டபத்தில் ஓர் அம்மையார் கைக்குட்டையை எடுத்தார்.

“நீங்கள் புல் வெட்டப் போவதில்லை,” என்றார் பென்ற். “நீங்கள் மன அமைதியை விநியோகிக்கப் போகிறீர்கள். பெயர், நிறம், வான் வண்டி, தொப்பி எல்லாம் நாங்கள் தருவோம். நீங்கள் கட்டணம் மட்டும் தந்தால் போதும்.”

மகேந்திரராசா தவராஜாவின் காதுக்குள் குனிந்தார். “ஊரிலை புல்லுச் செருக்கிறவனுக்கு நாங்கள் காசு குடுக்கிறது. இஞ்சை புல்லுச் செருக்கிறதுக்கு நாங்கள் காசு குடுக்க வேணுமோ?”

“உதுதான் பிரான்சைஸ் போலை,” என்றார் தவராஜா.

வர்த்தகத் திட்டம் மகேந்திரராசாவின் சாப்பாட்டு மேசையில் தீட்டப்பட்டது. நிறுவனம் தந்த வழிகாட்டிக் கையேடு இருந்தது. ‘இலக்கு’, ‘நோக்கு’, ‘ஐந்தாண்டுப் பார்வை’ என்று தலைப்புகள் இருந்தன. ஐந்தாண்டுப் பார்வை என்ற இடத்தில் தவராஜா, “மனிசியும் பிள்ளையும் வந்து சேர வேணும்” என்றார். “சந்தை விரிவாக்கம்” என்று மகேந்திரராசா எழுதினார். புல்லில் களை இருக்கக் கூடாது, முதலாளி முகத்தில் களை இல்லாமல் இருக்கக் கூடாது என்று சொல்லி, தவராஜாவை மீசை திருத்தவும் அனுப்பினார்.

நிதி இரண்டு வழிகளால் திரட்டப்பட்டது. ஹேர்னிங் தமிழர்களின் சீட்டில் முதல் தொகையைத் தவராஜாவுக்கே கொடுப்பதென்று ‘பொதுச்சபை’ கூடித் தீர்மானித்தது. சபை என்பது விமலராணியின் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்ற ஆட்கள். மிச்சத்துக்கு வங்கி. வங்கி முகாமையாளர் சீட்டு என்றால் என்னவென்று விசாரித்தார்.

“எல்லாரும் போடுவார்கள். ஒருவர் எடுப்பார். பிறகு அடுத்தவர்.”

“ஒப்பந்தம்?”

“வாய் வார்த்தைதான்.”

முகாமையாளர் பேனையை வைத்துவிட்டார். “எழுத்தில் இல்லாத ஒன்றை டென்மார்க்கில் யாரும் செய்வதில்லை,” என்றார். அந்த நிமிடத்தில் கோபன்ஹேகனில் அப்படியும் சில காரியங்கள் நடந்துகொண்டிருந்தன என்பது அந்த நல்ல மனிதருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நிறுவனத்தின் ஒப்புதலோடு வந்தால் கடன் தருவதாகச் சொன்னார்.

ஒப்புதலுக்கு ஒரு சின்ன நிபந்தனை இருந்தது. ‘பச்சைக் கை’ குடும்பங்களுக்கு மட்டுமே உரிமை வழங்கும். கணவன் வெட்ட வேண்டும், மனைவி தொலைபேசி எடுக்க வேண்டும், பிள்ளை சிரிக்க வேண்டும். மூவரும் பச்சை உடுப்பில் நிற்கும் படம் துண்டுப்பிரசுரத்தில் வரும்.

“என் மனைவி கொழும்பில் இருக்கிறாள்,” என்றார் தவராஜா.

“அருமை. எப்போது வருகிறாள்?”

“பரிசீலனையில் இருக்கிறது.”

பென்ற் சற்று நேரம் வருந்தினார். நேர்மையான வருத்தம்தான், ஆனால் பிரசுரம் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. “பாருங்கள் தவராஜா, எங்களுக்குக் குறிப்பிட்ட ஒரு மனைவி என்று கட்டாயம் இல்லை. ஒரு மனைவி. பொதுவாக.”

அன்று மாலையே தவராஜா ஒரு தட்டு இறங்கிப் போய், தொண்டையைச் செருமி, விஷயத்தைச் சொன்னார். உலகத்தில் எதை எதையோ இரவல் கேட்டிருக்கிறார்கள். அவர் சீனி கேட்கிற மாதிரி ஒரு மனைவியையும் ஒரு பிள்ளையையும் கேட்டார்.

விமலராணி சிரித்தாள். “படத்துக்குத்தானே அண்ணை? நிண்டு விடுறன். தங்கமலர் அக்கா வாறதுக்கு உதவுமெண்டால் மெசினையும் தூக்கிக்கொண்டு நிக்கிறன்.”

மகேந்திரராசா சிரிக்கவில்லை. ஆலோசனை வழங்கியவர் என்ற முறையில் மறுக்கவும் முடியவில்லை. படப்பிடிப்புக்கு மேற்பார்வையாளராகத் தானும் வந்தார். யாருடையதோ பெரிய புல்வெளி. அதில் மூவரும் பச்சைச் சட்டையில் நின்றார்கள். மனைவியின் தோளில் கை போடும்படி படப்பிடிப்பாளர் கேட்டார்.

“மச்சான்,” என்றார் மகேந்திரராசா, “கை போட்டியோ, சீட்டுக்காசு இல்லை.”

பேச்சுவார்த்தை நடந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தி, ஆளுக்கொரு கையை அதில் வைப்பதென்று உடன்பாடு ஏற்பட்டது. பாலர் பாடசாலைக்குப் போய் டெனிஷ் பழகியிருந்த துவாரகன் மட்டும், “இவர் என் அப்பா இல்லை” என்று டெனிஷில் உரக்க அறிவித்தான். “இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும்,” என்றார் படப்பிடிப்பாளர். படம் மிக இயல்பாக அமைந்தது.

தவராஜாவுக்கு மனம் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை லொட்ஜுக்கு அழைப்பெடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மறுமுனையில் குழந்தை எதையோ தட்டும் ஓசை கேட்டது.

“அவ என்ன சீலை உடுத்தவ?” என்று தங்கமலர் கேட்டாள்.

“சீலை இல்லையப்பா. பச்சை ரீசேட்.”

“என்ர இடத்திலை நிக்கிறவ கொஞ்சம் வடிவா உடுத்தியிருக்கலாம்,” என்றாள். பிறகு, “இஞ்சை பொலிஸ் வந்து லொட்ஜ் ஆக்களைப் பதியுது. எப்ப போறாய், எப்ப போறாய் எண்டு கேக்கிறாங்கள். நான் என்ன சொல்ல?”

“பரிசீலனையிலை எண்டு சொல்லு,” என்று தவராஜாவின் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிரசுரம் வெளிவந்தது. ‘தவராஜா குடும்பம். உங்கள் புல்லும் அவர்களுக்கு ஒரு பிள்ளை’ என்ற வாசகம் கொட்டை எழுத்தில் இருந்தது. வங்கி முகாமையாளர் அதைப் பார்த்து நெகிழ்ந்து, குடும்பஸ்தனை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்று சொல்லிக் கடனைக் கொடுத்தார். பச்சை வான் வந்தது. வீடு வீடாக அழைப்பும் வந்தது. தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, வடக்கு நாட்டின் கோடை வெளிச்சம் போகுமட்டும் தவராஜா வெட்டினார். ஓரம் வெட்டினார், பாசி கிண்டினார், விதை தூவினார். விதை ஹொலண்டிலிருந்து வந்தது. எல்லையில் அதை யாரும் மறிக்கவில்லை. எந்தக் காரியாலயமும் அதைப் பரிசீலிக்கவில்லை. தூவிய சில நாட்களில் முளைத்து, நிரந்தர வதிவிடமும் பெற்றுக்கொண்டது.

அந்தக் கோடையின் முடிவில்தான் கோபன்ஹேகன் காரியாலயம் அவரை நேரில் அழைத்தது.

“சொன்னனான் எல்லே!” என்று மகேந்திரராசா துள்ளினார். “முதலாளியாகின உடனை பைல் எழும்பிட்டுது பார்!”

தவராஜா நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார். வழியில் கடல் குறுக்கிட்டது. டென்மார்க் அதற்கு மலைக்கவில்லை. அவ்வளவு பெரிய ரயிலைப் பெட்டி பெட்டியாகக் கப்பலுக்குள் ஏற்றி, மறு கரையில் பத்திரமாக இறக்கிவிட்டது. இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் பாரமா என்று யோசித்தபடி அவர் போய்ச் சேர்ந்தார்.

அறையில் பெண் அதிகாரி ஒருவர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் அந்தோனிமுத்து, மன்னார்க்காரர். மேசையில் தவராஜாவின் விண்ணப்பம், இத்தனை காலத்துக்குப் பிறகு முதன்முதலாகத் திறந்தபடி. அதன்மேல் பச்சை நிறத்தில் துண்டுப்பிரசுரம். அதிகாரியின் கோடை வீடு ஹேர்னிங் இருக்கும் ஜூட்லாந்துப் பகுதியில் இருந்தது. அந்த வீட்டுத் தபால்பெட்டியில் யாரோ போட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் கடமையுணர்வு விடுமுறையிலும் தூங்குவதில்லை.

“படத்தில் இருப்பது உங்கள் மனைவியா?”

“இல்லை. மகேந்திரராசாவின்ர மனிசி.”

“குழந்தை?”

“அதுவும் மகேந்திரராசாவின்ரைதான்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். “ஆனால் ‘தவராஜா குடும்பம்’ என்று அச்சிடப்பட்டுள்ளது. டென்மார்க்கில் ஏற்கெனவே குடும்பம் உள்ள ஒருவருக்கு இன்னொரு குடும்பத்தை அழைக்கச் சட்டத்தில் இடமில்லை.”

தவராஜா இரவல் கதையை முழுவதும் சொன்னார். இயந்திரம் நடுவில் நின்றதையும் விடவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இரவலாகப் பெறப்பட்ட மனைவி திருப்பிக் கொடுக்கப்பட்டாரா?”

தவராஜா அந்தோனிமுத்துவைப் பார்த்தார். “தம்பி, நான் சொல்லுறதை ஒரு சொல்லும் விடாமல் சொல்லும். படம் எடுத்து முடிஞ்ச கையோடை, கோப்பி குடிக்க முதலே, அவவைப் புருசனிட்டைத் திருப்பிக் குடுத்திட்டன். நாங்கள் இரவலைத் திருப்பிக் குடுக்கிற ஆக்கள். என்ர மனிசி பிள்ளையை இவை பிடிச்சு வைச்சிருக்கினம். இவை எப்ப தரப்போகினம் எண்டு கேளும்.”

அந்தோனிமுத்து அவர் பக்கம் குனிந்தார். “அண்ணை, அப்பிடியே கேக்கட்டோ?”

“ஓம், அப்பிடியே.”

கேட்டார். அறையில் கடிகாரம்கூட மரியாதையாக நடந்தது. அதிகாரியின் முகம் சிவந்தது. சட்டப்படி அவருடைய மனைவிக்கு வர உரிமை இருக்கிறது, அதை இங்கே யாரும் மறுக்கவில்லை, என்றார். அதைக் கொடுக்கும்படி மட்டும் தங்களுக்கு இன்னும் சொல்லப்படவில்லை என்றார். பிறகு விண்ணப்பத்தை மூடினார். அது போக வேண்டிய இடத்துக்கு, அதாவது அடிக்கு, மறுபடி போனது. பிரசுரத்தை மாத்திரம் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தணித்து, தங்கள் கோடை வீட்டுப் பக்கமும் அவர் வருவாரா, பாசி தாங்க முடியவில்லை, என்று விசாரித்தார்.

தவராஜா போனார். கடன் இருந்தது, போனார். பாசியை வேரோடு கிண்டி எடுத்தார். அதிகாரியம்மா கேக் கொடுத்து, இவ்வளவு விரைவாக வேலை செய்யும் ஒருவரைத் தான் கண்டதில்லை என்றார். அந்தக் காரியாலயத்தில் இருந்தவர் சொன்னது என்பதால் நம்பலாம்.

தங்கமலர் வந்து சேர்ந்தது அடுத்த வருடம். மேலிடம் மனம் மாறியது என்றார்கள், பத்திரிகைகள் நோண்டத் தொடங்கிவிட்டன என்றார்கள். விமான நிலையத்தில் தவராஜா கையை நீட்டினார். தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு தன் காலிலேயே நடந்து வந்த சுஜீதா, அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இந்த மாமா ஆர்?” என்று கேட்டாள்.

டென்மார்க்கின் பராமரிப்பில் இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த வருடங்களில் ஹேர்னிங்கில் ஒரு புல்லைக்கூட, ஆள் பார்க்காமல் ஒரு விரலுக்கு மேல் வளர அவர்கள் விடவில்லை. தவராஜாவின் பிள்ளையைத்தான் விட்டார்கள்.