கமலவேணியின் எண்பது பாவங்கள்

ஆண்டிமடத்துக் கல்யாண மண்டபத்தில் அப்படி ஒரு கூட்டம். மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. நாடிச்சித்தர் வந்திருந்தார். ஜெயங்கொண்டத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பாடாலூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்தார்கள். செருப்பைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு முக்தி தேடியவர்களும் உண்டு.

சித்தரின் அதிசயம் ஓர் இயந்திரம். மஞ்சள் பட்டு சுற்றி, மாலை போட்டு, குங்குமம் வைத்திருந்தார்கள். பெயர் கர்மப் பாதை. ஏறி நின்றால் காலுக்குக் கீழே பட்டை ஓடும், கூடவே நாமும் நடக்க வேண்டும். டவுனில் தொந்தி கரைக்கிறவர்கள் அதை ட்ரெட்மில் என்பார்கள். நடப்பவர் விரலில் சித்தர் ஒரு கவ்வியை மாட்டுவார். சுவரில் சிவப்பு எண் எரியும்.

"எழுவத்திரண்டு தெய்வக் கணக்கு! அதுக்கு மேல எரியற ஒவ்வொரு எண்ணும் ஒரு முன்ஜென்மப் பாவம்!"

மெல்ல நடந்தால் கொஞ்சமாகவும் வேகமாக நடந்தால் நிறையவும் பாவம் வருவானேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு செப்புக் காப்பு. அதைப் போட்டுக்கொண்டு பாயில் கால்மணி நேரம் படுத்தால் எண் இறங்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

உடையார்பாளையத்துக் கமலவேணியும் கணவர் வைத்திலிங்கமும் போன ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறினார்கள். அவர் இதயநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர், வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை ஏவுகிறவர். அவள் முந்திரிக்கொல்லையில் விடிந்ததிலிருந்து குனிந்து நிமிர்கிறவள். இருவரையும் ஒரே வேகத்தில் நடக்கவிட்டார் சித்தர். கணவருக்குத் தொண்ணூற்று நான்கு. அவளுக்கு நூற்றைம்பத்திரண்டு.

"வெறும் இருபத்திரண்டு! புண்ணியாத்மா!" என்று வைத்திலிங்கத்தைக் கட்டிக்கொண்டார் சித்தர். "இந்த ஒடம்புக்கு மருந்தே வேணாம், தூக்கிப் போடு! ஒன் சம்சாரத்துக்குத்தான் எண்பது பாவம்." ஐயாயிரம் கொடுத்துக் காப்பு மாட்டிப் பாயில் படுத்ததும் கமலவேணியின் எண்ணும் இறங்கியது.

வீடு வந்ததும் புண்ணியாத்மா ஆரம்பித்தார். "காப்பு போட்டாலும் எண்பது பாவம் பண்ணவ கையால சோறு திங்க மாட்டேன்." மூன்று வேளையும் தங்கச்சி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. கமலவேணி கொல்லையில் களை பறித்துக்கொண்டே தன் பாவங்களை எண்ணிப் பார்த்தாள். எட்டுதான் தேறியது. அதிலும் மூன்று, மாமியாரை மனசுக்குள் திட்டியது.

வியாழக்கிழமை வீடு கூட்டும்போது அலமாரியில் மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. நாலு நாளாக ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. திக்கென்றது. அட்டையை எடுத்துக்கொண்டு ஊர் நர்ஸ் பூவிழியிடம் ஓடி, மண்டபத்தில் நடந்ததைச் சொன்னாள்.

பூவிழி பார்த்ததும் பதறினாள். "அக்கா, இது இதயம் கண்டபடி வேகமா அடிக்காம கடிவாளம் போடற மாத்திரை. அவருக்கு எண்ணு ஏறாம இருந்தது இதாலதான். இதைத் திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்து!"

"அப்ப என் எண்பது பாவம்?"

"அந்த எண்ணு நிமிஷத்துக்கு இதயம் எத்தன தடவ அடிக்குதுங்கற கணக்குக்கா. வேகமா நடந்தா காலு ரத்தம் கேக்கும், இதயம் வேகமா அடிச்சு அனுப்பும். உக்காந்தா அடங்கும். யாருக்கும் அப்படித்தான். இதுல பாவம் எங்கக்கா வந்துச்சு?"

வீட்டுக்கு வந்து சொன்னாள். வைத்திலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாவி சொல்லிப் புண்ணியவான் கேக்கறதா? சித்தர் சொல்லட்டும், முழுங்கறேன்."

"சரி, கெளம்புங்க. அவரையே கேப்போம்."

பூவிழியும் கூட வந்தாள். மண்டபத்தில் கமலவேணி யாரையும் கேட்காமல், காப்புக் கையோடு கர்மப் பாதையில் ஏறினாள். அன்றைக்கு வைத்த அதே வேகம். நூற்றைம்பது எரிந்தது.

"சாமி, காப்பு கையிலதான் கெடக்கு. போன பாவம் எப்படித் திரும்பி வந்துச்சு?"

"நாலு நாள்ல புதுசா சேத்துக்கிட்ட!"

"அப்படியா?" காப்பைக் கழற்றிச் சித்தரின் மடியில் போட்டுவிட்டு, கவ்வி மாட்டிய விரலோடு பாயில் படுத்தாள். கூட்டம் சுவரைப் பார்த்தது. நூற்றிருபது. நூற்றிரண்டு. எண்பத்தெட்டு.

"காப்பு ஒங்க மடியில இருக்கு. இப்ப யாரு சொல்லிப் பாவம் எறங்குது?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கீழப்பழுவூர் சாமிக்கண்ணு தன் கையிலிருந்த காப்பைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கையையும் பார்த்தார். "அட ஆமால்ல?" என்றார்.

"சாமி, நீங்க ஏறுங்க" என்றாள் கமலவேணி.

"நான் வெரதம்."

"வெரதத்துல பாவம் இன்னும் கம்மியாத்தான இருக்கும்?"

சிரிப்பு வெடித்தது. நேற்றுவரை காலைத் தொட்டுக் கும்பிட்ட கைகளே சித்தரைத் தூக்கி இயந்திரத்தில் நிறுத்தின. பூவிழி வேகத்தைக் கூட்டினாள். நூறு. நூற்று முப்பது. நூற்று எழுபத்தொன்று! காவி வேட்டி தடுக்கியது. "நிறுத்துங்க... செத்துருவேன்..." என்று கைப்பிடியைக் கட்டிக்கொண்டு தொங்கினார் தெய்வப்பிறவி.

"தொண்ணூத்தொம்பது பாவம்!" என்று கணக்குப் போட்டுக் கத்தினார் சாமிக்கண்ணு.

போலீஸ் வந்தபோது சித்தர் தன் பெயர் பிரேம் என்றார். பெரம்பலூரில் மூடிப்போன ஒரு ஜிம்மில் வேலை பார்த்தவராம். எண் ஏன் ஏறும், ஏன் இறங்கும் என்பது, பூவிழி வரும்வரை அந்த மண்டபத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அதுதான் அவருடைய மொத்த மூலதனம். கலைந்துபோன கூட்டத்தில் ஓர் அம்மா மட்டும், "சாமிக்கே இத்தன பாவம்னா நமக்கு எத்தன இருக்குமோ" என்று கவலைப்பட்டுக்கொண்டே போனார்.

வைத்திலிங்கம் பெஞ்சைவிட்டு எழவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "கமலம்... ஆஸ்பத்திரி பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"இப்பவே ஆட்டோல போறோம், எந்திரிங்க."

டாக்டர் அரைமணி நேரம் திட்டினார். மாத்திரை திரும்பவும் ஆரம்பமானது. அன்றைக்குக் கமலவேணி போட்ட சோற்றைப் புண்ணியாத்மா தலைகுனிந்து, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இதயம் யாரும் சொல்லாமலே தன் வேலையைச் செய்துவிடுகிறது. மூளை அப்படி இல்லை, நாம் ஏவினால்தான் செய்யும். அடுத்த சித்தர் ஊருக்குள் வருவதற்குள் ஒரு தடவையாவது ஏவிப் பாருங்களேன்!