நம்பர் கூடினால் கம்பி மெலியும்

அன்பும் பண்பும் ஒருங்கே அமைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அத்தான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே தங்கள் அக்கா நலம், பிள்ளைகள் நலம், கடை நலம், என் இடது கை விரல் நுனிகள் நான்கைத் தவிர வீட்டில் மற்ற எல்லாமே நலம். தாங்களும் தங்கள் துணைவியாரும் குழந்தைகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தத் தாங்கள், தங்கள் எல்லாம் இந்த வரியோடு சரி, மச்சான். இனிமேல் எழுதப்போவது புகார்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை உன் அக்காவின் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பணி ஓய்வு வழியனுப்பு விழா. மேடையில் அவள் ஒரு பாட்டுப் பாடுவதாகவும், பக்கத்தில் நின்று நான் கிட்டார் வாசிப்பதாகவும் ஏற்பாடு. என்னால் முடியாது. நீ உன் கிட்டாரோடு வந்து என் இடத்தில் நின்று வாசிக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய். கடிதத்தைப் படித்து எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

எல்லாம் நீ கொடுத்த அந்தப் பழைய எலெக்ட்ரிக் கிட்டாரால் வந்த வினை. கொடுத்ததோடு நிறுத்தினாயா, யோசனையும் கொடுத்தாய். கல்யாணமான புதிதில் உன் அக்கா சமையலறையில் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே இருப்பாளே, அதைத்தான் விழாவிலும் பாடுகிறாள். நானும் ஒரு வருஷமாக அந்த ஒரே பாட்டைத்தான் வாசித்துப் பழகுகிறேன். அதில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு இழுப்பு வரும். கம்பியை விரலால் மேலே தள்ளி, சத்தத்தை ஏற்றி, அழவைத்து இறக்க வேண்டும். அங்கே வரும்போதெல்லாம் விரல் வெந்துபோகிறது என்று உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "அத்தான், நீங்க மோட்டாருக்குக் காயில் கட்டுற மாதிரி அழுத்திப் பிடிக்கிறீங்க. அதுல இருக்குறது பத்தாம் நம்பர். ஒரு நம்பர் மெல்லிசாப் போடுங்க, இழுக்க லேசா இருக்கும்." ஒரு நம்பர் மெல்லிசு. எந்த நம்பர் என்று சொன்னாயா? சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பேனா? வாழ்நாள் முழுக்கக் கம்பியிலேயே கிடக்கிறவன் நான். தண்ணீர் பம்புக்கு இருபத்திரண்டாம் நம்பர் தாமிரக் கம்பி, மின்விசிறிக்கு முப்பத்தாறு. இருபத்திரண்டு குச்சி மாதிரி நிற்கும், முப்பத்தாறு தலைமுடி மாதிரி பறக்கும். நம்பர் கூடினால் கம்பி மெலியும். இது என் கடைக்குள் வருகிற பூனைக்கும் தெரியும். ஆகவே நேராகப் போய்ப் பதினொன்றாம் நம்பர் வாங்கி வந்து மாட்டினேன்.

மாட்டியதும் கிட்டாரின் அடிப்பக்கம் கம்பிகளைத் தாங்குகிற அந்த இரும்புப் பாலம் இருக்கிறதே, அது முன்னால் சாய்ந்து பின்பக்கம் தூக்கிக்கொண்டது. கம்பியெல்லாம் விரலுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் பாலத்தைப் பிடித்து இழுக்க மூன்றே ஸ்பிரிங். போதவில்லை என்று நானே கடையில் இன்னும் இரண்டு சுற்றி மாட்டினேன். பாலம் அடங்கியது, வலி அடங்கவில்லை. உன் அக்கா கம்பியைத் தொட்டுப் பார்த்து, "இது போன தடவையை விடத் தடியா இருக்கே?" என்றாள். நான் சிரித்தேன் மச்சான். "கம்பியைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?" என்று கேட்டேன். அவள் கணக்கு வாத்தியார், என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். நீங்களாவது தொட்டுப் பார்த்திருக்கலாமே என்பாய். நம்பர் தெரிந்த பிறகும் தடவிப் பார்ப்பது தொழில் தெரியாதவன் வேலை என்பது என் நினைப்பு.

திரும்ப உனக்குப் போன் செய்தேன். "மெல்லிசாத்தான் போட்டிருக்கேன், முன்னைவிட வலிக்குதே" என்றேன். "அப்ப இன்னொரு நம்பர் மெல்லிசாப் போட்டுப் பாருங்க" என்றாய். பன்னிரண்டு வாங்கப் போனேன். கடையில் இருக்கிற பெண், "ஜாஸ் வாசிக்கிறீங்களா சார்?" என்று கேட்டது. "இல்லம்மா, மோட்டார் ரிப்பேர்" என்றேன். ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு எடுத்துக் கொடுத்தது. பாக்கெட்டில் ஹெவி என்று அச்சடித்திருந்தது. எங்கள் தொழிலில் ஹெவி டியூட்டி என்றால் நீடித்து உழைக்கும் என்று அர்த்தம். நல்ல சாமான் போலிருக்கிறது என்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். பன்னிரண்டை மாட்டிய பிறகு அந்த இழுப்பை இரண்டு விரலால் தள்ளினேன், மூன்று விரலால் தள்ளினேன், கடைசியில் கிட்டாரை முழங்காலில் முட்டுக்கொடுத்துத் தள்ளியதில் தோள் வார் கழன்று கிட்டார் என் கால் கட்டைவிரலில் விழுந்தது. கிட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. நீயும் அதைத்தான் முதலில் கேட்பாய்.

மூன்றாவது முறை போன் செய்தபோது உனக்கே சந்தேகம் வந்தது. "இன்னுமா வலிக்குது? அதைவிட மெல்லிசு கடையில கிடைக்குதா அத்தான்?" என்று கேட்டாய். "கிடைக்குதுப்பா, வாங்கிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அதுதான் பதின்மூன்று. அதை எடுத்துக் கொடுக்கும்போது அந்தப் பெண் என் கையைப் பார்த்து, "விரல் நல்லா பலமா இருக்கா சார்?" என்றது. "அது இல்லாமத்தானேம்மா இதை வாங்குறேன்" என்றேன். கிட்டாரின் தலைப்பக்கம் கம்பி உட்காருகிற வெள்ளைப் பல்லில் அது இறங்கவே மறுத்தது. மெல்லிய கம்பி ஏன் இறங்கவில்லை என்று நான் அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். பல்லில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அரம் போட்டு அகலப்படுத்தி உட்காரவைத்தேன்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். பதின்மூன்றை வைத்துக்கொண்டு தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒத்திகை பார்த்தோம். உன் அக்கா கூடத்து நடுவில் நின்று பாடுவாள், நான் நாற்காலியில். இழுப்பு வரும். கம்பி அசையாது. என் முகம்தான் சிவக்கும். சத்தம் தரையிலேயே கிடக்கும். அப்புறம் அவள் சரணத்தைத் தொடங்குவாள். உச்சத்துக்குப் போகிற அந்த வரிக்கு முன்னால் நிறுத்தி, பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் நிறுத்துவாள், அதே தண்ணீர். என் வாசிப்பைச் சகிக்க முடியாமல்தான் நிறுத்துகிறாள், வாய்விட்டுச் சொல்ல மனமில்லை என்று புரிந்துகொண்டேன். போன வாரம் அவளே தயங்கித் தயங்கி, "மருந்துக்கடைக்காரர் வாசிக்கிறேன்னு சொல்றார். உங்களுக்குக் கை சரியாகலைன்னா…" என்றாள். அவரை உனக்குத் தெரியும். சட்டை கசங்காத மனிதர். மாத்திரை எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு ஸ்வரமாக எண்ணி வாசிப்பார், ஒன்றும் தப்பாது. போன சனிக்கிழமை அவர் வீட்டுக்கே வந்து ஒருமுறை வாசித்துக் காட்டினார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். எனக்கு வயிறு எரிந்தது மச்சான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற நாளில், அவள் பக்கத்தில் மேடையில் நிற்பதற்கு இந்த ஒரு பாட்டைத்தான் நான் ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

குட்டு வெளிப்பட்டது நேற்று. உன் அக்கா விழாவுக்குப் போடப்போகிற துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளிக்கிற பாட்டிலின் மூக்கு அடைத்துக்கொண்டது. "ஒரு மெல்லிசான கம்பி குடுங்க" என்றாள். என்னிடம் இருப்பதிலேயே மெல்லிசு என்று பதின்மூன்றில் வெட்டி எறிந்த நுனியை எடுத்துக் கொடுத்தேன். ஓட்டையில் நுழையவில்லை. ஆணியில் தொங்கிய உன் பழைய பத்தாம் நம்பரை அவளே எடுத்துக் குத்தினாள். வழுக்கிக்கொண்டு போனது. நான் நேராகக் கடைக்குப் போய் மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தேன். அது என் மேஜை மேலேயேதான் கிடக்கிறது, தினமும் காலையில் தூசி தட்டுகிறேன். பத்து மெல்லிசு, பதினொன்று தடி, பன்னிரண்டு அதைவிடத் தடி, பதின்மூன்று எல்லாவற்றுக்கும் அப்பன். நம்பர் கூடக்கூடத் தடிக்கிறது! எந்த மடையன் இப்படி ஒரு கணக்கை வைத்தான்? அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமனோ அதுதான் நம்பராம், கடைப் பெண் இன்று விளக்கியது. அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நீயும் ஒன்பது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒன்பதாம் நம்பர் இன்று வாங்கிவிட்டேன். ஆனால் இனி மாட்டி என்ன புண்ணியம்? நான் அகலப்படுத்திய பல்லில் அது கடகடவென்று ஆடும், நான் சேர்த்த ஸ்பிரிங்குக்குப் பாலம் பின்னால் படுத்துவிடும், என் கைக்கும் இத்தனை நாள் மல்லுக்கட்டிய அழுத்தம்தான் பழகியிருக்கிறது. எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அவளோடு வேலை பார்த்தவர்கள் எதிரில் என்னால் அவளுக்குத் தலைகுனிவு வரக்கூடாது. அதற்காக மருந்துக்கடைக்காரர் அந்த இடத்தில் நிற்பதையும் என்னால் பார்க்க முடியாது. நீ என்றால் பரவாயில்லை, கூடப்பிறந்தவன். அவசியம் வா.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள், உன் மனைவிக்கு என் அன்பு, உன் கிட்டார் கூட்டாளிகள் அத்தனை பேரும் எல்லா நலமும் பெற்று, நம்பரைத் தலைகீழாக வைத்தவனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற பிரார்த்தனையுடன்,

உன் அன்பு அத்தான்.

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. நம்பர் விஷயத்தில் என் புகார் அப்படியே நிற்கிறது. ஆனால் மச்சான், நீ வாசிக்க வர வேண்டாம்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, பதின்மூன்றைக் கழற்றலாம் என்று கிட்டாரை எடுத்தேன். ஒரேயடியாகத் தளர்த்தினால் கிட்டாரின் கழுத்துக்கு ஆகாது என்று நீ சொன்னாயே, அதனால் ஆறு கம்பியின் சுதியையும் அளவாக இரண்டு கட்டம் இறக்கினேன். கழற்றுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை அந்தப் பாட்டை வாசித்தேன். இழுப்பு வந்தது. அந்தத் தடிக் கம்பி இரண்டு விரலுக்கு மசிந்து மேலே ஏறி, அழுது, இறங்கியது. நான் நம்பாமல் வாசித்துக்கொண்டே இருந்தேன். உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டே உன் அக்கா பாட ஆரம்பித்தாள். அந்த உச்ச வரி வந்தது. அவள் நிறுத்தவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்காமல் ஏறி இறங்கினாள். அப்புறம் வெளியே ஓடிவந்து, "அசைக்காதீங்க, இந்தச் சுதியிலேயே விடுங்க" என்றாள்.

ஒன்பதை மாட்டி இதே அளவுக்கு இறக்கினால் துணிக்கொடி மாதிரி தொங்கும். இவ்வளவு இறக்கியும் விறைப்பாக நிற்பதற்குப் பதின்மூன்றுதான் வேண்டும். கம்பி இழுப்பு எனக்குத் தெரியாதா?

"வகுப்புல கத்திக் கத்தித் தொண்டை இறங்கிப்போச்சு. மேல எட்டலை" என்றாள். "மருந்துக்கடைக்காரர்கிட்ட சுதியை இறக்கச் சொன்னேன். ஒரிஜினல்ல அப்படி இல்லையே டீச்சர்னுட்டார்."

"என்கிட்ட ஏன் கேக்கலை?"

"நீங்களே அந்தக் கம்பியோட அவ்வளவு கஷ்டப்பட்டுக்கிட்டிருந்தீங்க. நடுவுல என் தொண்டை வேறயான்னு விட்டுட்டேன்."

ஒன்பதாம் நம்பர் பாக்கெட்டை இஸ்திரிப் பாட்டில் குத்துவதற்கு வைத்துக்கொள் என்று அவளிடம் கொடுத்துவிட்டேன்.

விழாவுக்கு மட்டும் கட்டாயம் வா. வரும்போது பதின்மூன்றாம் நம்பர் இரண்டு பாக்கெட் வாங்கி வா, அந்தக் கடைக்கு இனி என்னால் போக முடியாது. முன்வரிசையில் உட்கார். அந்த உச்ச வரி வரும்போது உன் அக்கா முகத்தைப் பார். என் கையைப் பார்க்காதே.