வெங்காய மாமா எழுதிய புத்தகம்

டில்லியில் வெங்காயத்தைக் கண்டால் எழுந்து நின்று மரியாதை செய்த ஒரே மனிதர் எங்கள் மோதி பாக் காலனி வெங்காய மாமாதான். ராணுவத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, காய்கறி லாரியோடு மலைப்பாதையில் பனியில் புதைந்து, இரண்டு நாள் பச்சை வெங்காயத்தைத் தின்றே உயிர் பிழைத்தவர்.

எழுபதுகளின் கடைசியில் அதைப் புத்தகமாக எழுதினார். பதிப்பகங்கள் கையை விரித்துவிட, ஊரில் சொந்தமாக அச்சடித்து மூட்டை மூட்டையாக ரயிலில் கொண்டுவந்தார். காலனியில் தமிழர்களுக்குக் குறைவில்லை, தமிழ் படிக்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். பிள்ளைகள், "அங்கிள், ஹிந்தியில இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிடும். மிச்சம் நாங்கள், சோம்பேறி அப்பாக்கள். எங்களுக்கு ஆளுக்கொரு பிரதி, பெயர் எழுதிக் கொடுத்தார்.

பால் டிப்போ க்யூவில் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஓய், படிச்சாச்சா?"

"ஆச்சு மாமா. அழுதுட்டேன்."

"அச்சா! எந்த எடத்துல?"

"கடைசியில."

"அந்தக் கடைசி அத்தியாயத்துக்காகத்தான் ஓய் எழுதினதே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் முகத்தையே பார்த்து எதற்கோ காத்திருந்தார். அதற்குள் பால் வண்டி வந்துவிட்டது. அன்று முதல் க்யூவில் என்னைத் தனக்கு முன்னால் நிறுத்துவார். நானும் வெட்கமில்லாமல் நின்றேன்.

நவராத்திரியில் வந்தது வினை. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு பிளவுஸ் பிட் கொடுப்பார்கள். அது பிரிக்கப்படாமலே வீடு வீடாகச் சுற்றும். அந்த வருஷம் பிட் தீர்ந்துபோக, என் மனைவி அலமாரியிலிருந்த மாமாவின் புத்தகத்தை ஒரு மாமிக்கு வைத்துக் கொடுத்துவிட்டாள். புத்தகம் நாலு கொலு பார்த்துவிட்டு, ஐந்தாவதாக மாமா வீட்டிலேயே போய் இறங்கியது. முதல் பக்கத்தில் அவர் கையெழுத்தில் என் பெயர். அச்சகத்தில் மடித்தபடி ஓரம் ஒட்டியிருந்த பக்கங்களை வெட்டினால்தான் படிக்க முடியும்; ஒன்றுகூட வெட்டப்படவில்லை.

மறுநாள் காலை மாமா அந்தப் புத்தகத்தோடு வாசலில் நின்றார்.

"மாமா, அது வந்து..." என்று இழுத்தேன்.

"உம்ம மேல தப்பில்லை ஓய். பிரஸ்காரன் பக்கத்தை வெட்டாமக் குடுத்துட்டான். படிக்கறவா என்ன பண்ணுவா? நான்னா பாத்திருக்கணும்!"

சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்து, உட்கார்ந்து, அத்தனை பக்கங்களையும் வெட்டிக் கொடுத்தார். காப்பிகூடக் குடிக்காமல் போனார்.

அப்போதும் நான் படிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். சில வருஷம் கழித்து, தவறிவிட்டதாகக் கடிதம் வந்தது. அன்றைக்குத்தான் புத்தகத்தைத் திறந்தேன்.

கடைசி அத்தியாயத்தில் வெங்காயமே இல்லை. லாரி டிரைவர்தான் இருக்கிறான். தன் கம்பளிக் கோட்டை மாமாவுக்குப் போர்த்திவிட்டு, "நீங்க இருங்க பாபுஜி, ஆள் கூட்டிண்டு வரேன்" என்று பனியில் இறங்கி நடந்தவன் திரும்பவே இல்லை. இதை வாயால் யாரிடமும் சொல்ல மாமாவால் முடியவில்லையாம். 'இதுவரை படித்தவர் யாராயிருந்தாலும், ஒருமுறை என்னிடம் அவன் பெயரைச் சொல்லுங்கள். அவனை நினைக்க எனக்கு ஒரு துணை வேண்டும்' என்று முடித்திருந்தார்.

பல்பீர், மாமா. அவன் பெயர் பல்பீர்.